அரசரைக் கனம்பண்ணுதல்: 1 பேதுரு 2:17இல் மதிப்பும் மறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தாம் உடன்படாத ஆட்சியாளரைக் கிறித்தவர் எவ்வாறு மதிக்க வேண்டும் என்னும் வினாவுக்குப் புதிய ஏற்பாட்டின் 1 பேதுரு 2:17 தரும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது. எல்லாருக்கும் மதிப்பு, உடன் விசுவாசிகளுக்கு அன்பு, கடவுளுக்கு அச்சம், அரசருக்கு மதிப்பு என நான்கு கடமைகளை அவ்வசனம் அடுக்குகிறது. அரசருக்கு உரியதாகச் சொல்லப்படும் மதிப்பு, எல்லா மனிதருக்கும் உரிய மதிப்பின் வினைச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. கடவுளுக்கு உரிய அச்சம் அரசருக்கு மறுக்கப்படுகிறது. மதித்தல், பணிதல், கீழ்ப்படிதல், அஞ்சுதல் ஆகிய நான்கும் வேறுவேறு செயல்கள் என்பதையும், தமிழ் மொழிபெயர்ப்புகளில் அவ்வேறுபாடு சில இடங்களில் மறைந்தும் சில இடங்களில் வெளிப்பட்டும் நிற்பதையும் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. வசனத்தின் ஒரு பகுதியை மட்டும் கையாளும்போது நேரும் குறையை 1934ஆம் ஆண்டின் பார்மென் அறிக்கை வழி ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: 1 பேதுரு, கனம்பண்ணுதல், கீழ்ப்படிதல், பேரரசர் வழிபாடு, விவிலியத் தமிழாக்கம், பார்மென் அறிக்கை, மனச்சான்று.

முன்னுரை

ஆட்சியாளரை மதிக்க வேண்டும் என்னும் விவிலிய அறிவுரை இருவேறு வகைகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. ஆட்சியாளரின் செயலைக் குறை கூறுவதே கடவுளின் ஏற்பாட்டை எதிர்ப்பதாகும் எனச் சிலர் கொள்வர். அநீதியான ஆட்சியாளர் மதிப்புக்குரிய தகுதியை இழந்துவிட்டமையால் அவரை இழித்துரைப்பதில் தவறில்லை என வேறு சிலர் கொள்வர். இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் அடியில் ஒரே கருதுகோள் இருக்கிறது. மதிப்பது என்றால் உடன்படுவது என்பதே அது. உடன்பட முடியாதபோது முதல் தரப்பினர் தம் மறுப்பை விழுங்குகின்றனர். இரண்டாம் தரப்பினர் மதிப்பைக் கைவிடுகின்றனர்.

1 பேதுரு மடல் இக்கருதுகோளை ஏற்கவில்லை. ஆட்சியாளரோடு அடிப்படையிலேயே முரண்பட்டு நின்ற ஒரு சிறுபான்மைச் சமூகத்துக்கு எழுதப்பட்டது அம்மடல். மதிப்பும் மறுப்பும் ஒருவரிடமே ஒருங்கே அமைய முடியும் என்பதை அதன் சொல்லமைப்பிலிருந்தும், அதை வாசித்த பிற்காலத்தவரின் நடத்தையிலிருந்தும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடலின் சூழல்

பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய பகுதிகளில் சிதறி வாழ்ந்தோருக்கு இம்மடல் எழுதப்பட்டது. இவை இன்றைய துருக்கி நாட்டுக்குள் அடங்கிய பண்டைய ரோமானிய நிலப்பகுதிகள். மடலின் காலம் குறித்து ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. பேதுருவே எழுதினார் என்னும் மரபுவழிக் கருத்து அதை நீரோவின் ஆட்சிக்காலத்தில் (54–68) வைக்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கு உரியது எனக் கருதுவோரும் பலர். எக்காலத்தைக் கொண்டாலும், மடல் குறிப்பிடும் அரசர் கிறித்தவர்களின் நம்பிக்கையைப் பகிர்ந்துகொண்டவர் அல்லர். பெயரின் பொருட்டு நிந்திக்கப்படுதல், பொய்யாகக் குற்றம் சாட்டப்படுதல், துன்புறுதல் ஆகியவை மடல் முழுவதும் பேசப்படுகின்றன.

அப்பகுதிகளின் நிலையை அறிய மற்றொரு சான்றும் உள்ளது. ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் பித்தினியா–பொந்து மாகாணத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, கிறித்தவர்களை விசாரித்த முறையைப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதமாக எழுதினார். குற்றத்தை மறுத்தவர்கள் பேரரசரின் உருவத்தின் முன் நறும்புகையும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும் என்பது அவர் வைத்த சோதனை. மூன்று முறை வினவியும் தம்மைக் கிறித்தவர் என்றே கூறியவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். அவர்களுடைய நம்பிக்கை எதுவாயினும், பிடிவாதம் ஒன்றே தண்டனைக்குரியது என்பது அவரது கருத்து. அரசரை மதிக்குமாறு பேதுருவின் மடல் யாருக்கு எழுதப்பட்டதோ, அவர்களின் வழித்தோன்றல்கள் அரச அவமதிப்புக்கு உரியவர்களாகக் கருதப்பட்ட களம் இதுவே. ஆகவே மடலின் அறிவுரையைப் பாதுகாப்பான இடத்திலிருந்து எழுந்த இணக்கக் குரலாகக் கொள்வதற்கில்லை.

நான்கு கட்டளைகளின் அமைப்பு

1 பேதுரு 2:17இல் நான்கு குறுங்கட்டளைகள் உள்ளன. முதலாவதும் நான்காவதும் 'டிமாவோ' என்னும் ஒரே கிரேக்க வினையால் அமைந்தவை. முதலாவதற்கு எல்லா மனிதரும், நான்காவதற்கு அரசரும் செயப்படுபொருள்கள். இடையில் சகோதரக் கூட்டத்துக்கு அன்பும் கடவுளுக்கு அச்சமும் வைக்கப்படுகின்றன. முதல் கட்டளையின் வினைவடிவம் மற்ற மூன்றிலிருந்து இலக்கண நிலையில் சற்றே வேறுபடுவதால், அதனைத் தலைப்புக் கட்டளையாகவும் ஏனையவற்றை அதன் விரிவாகவும் கொள்வோர் உளர். அவ்வேறுபாட்டுக்கு அத்துணை அழுத்தம் தர வேண்டியதில்லை என்போரும் உளர். எவ்வாறாயினும், வினை ஒன்றே என்பதில் ஐயமில்லை.

இதன் விளைவு கருதத்தக்கது. அடிமை, அயலார், பெண், பகைவர் ஆகிய யாவருக்கும் உரிய சொல்லே பேரரசருக்கும் உரியதாகிறது. கடவுளருள் ஒருவராகப் பேரரசர் போற்றப்பட்ட மாகாணங்களில், அவரை எல்லா மனிதரின் வரிசையில் வைத்து மதிக்குமாறு சொல்வது அவரைத் தாழ்த்துவதும் ஆகும், காப்பதும் ஆகும். வழிபாட்டுக்குரிய உயரத்திலிருந்து அவர் இறக்கப்படுகிறார். இகழ்ச்சிக்குரிய தாழ்விலிருந்தும் விலக்கப்படுகிறார். 2:13இல் ஆட்சியமைப்பைக் குறிக்க மடல் கையாளும் தொடரும் மனிதருக்குரிய ஏற்பாடு அல்லது படைப்பு என்னும் பொருளையே தருகிறது. பேரரசரும் அவர் அனுப்பும் ஆளுநரும் அதற்குள் அடங்குவர்.

மூன்றாம், நான்காம் கட்டளைகளின் பின்னணியில் நீதிமொழிகள் 24:21 இருப்பது தெளிவு. அங்குக் கடவுளுக்கும் அரசருக்கும் அஞ்சுமாறு ஒரே வினையால் சொல்லப்படுகிறது. எபிரேய மூலத்திலும் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்திலும் வினை ஒன்றே. பேதுருவின் மடல் அவ்வினையைப் பிரிக்கிறது: அச்சத்தைக் கடவுளுக்கென ஒதுக்கி, அரசருக்கு மதிப்பை அளிக்கிறது. அடுத்த அதிகாரத்தில் (3:14) துன்புறுத்துவோரின் அச்சுறுத்தலுக்கு அஞ்ச வேண்டாம் என்றும் சொல்கிறது. பவுல் ரோமர் 13:7இல் உரியவருக்கு உரிய அச்சத்தையும் மதிப்பையும் செலுத்தச் சொல்லும்போது இப்பிரிவு இவ்வளவு கூர்மையாக இல்லை. ஆதலால் இது பேதுருவின் மடலுக்குரிய தனிச்சிறப்பு எனலாம்.

பணிதலும் கீழ்ப்படிதலும்: சொல்லும் தமிழாக்கமும்

மதிப்பை அடுத்து ஆராய வேண்டியது பணிதல். ரோமர் 13:1, 1 பேதுரு 2:13 ஆகிய இரண்டும் 'ஹுபொடாஸ்ஸோ' என்னும் வினையைக் கையாள்கின்றன. 'கீழ்' என்னும் பொருள்படும் முன்னொட்டும் 'ஒழுங்குபடுத்து' என்னும் பொருள்படும் வினையும் சேர்ந்து உருவான சொல் இது. ஓர் ஒழுங்கமைப்பில் தன் இடத்தை ஏற்றல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் எனச் சொல்லும் எபேசியர் 6:1இல் வேறொரு வினை, 'ஹுபகூவோ', வருகிறது. சொன்னதைக் கேட்டு நடத்தல் என்பது அதன் பொருள். மனிதரைக் காட்டிலும் கடவுளுக்குக் கீழ்ப்படிதலே தக்கது எனத் திருத்தூதர்கள் ஆலோசனைச் சங்கத்தின் முன் கூறும் அப்போஸ்தலர் 5:29இல் 'பெய்தார்க்கேயோ' என்னும் மூன்றாவது வினை வருகிறது. அதிகாரத்தின் ஆணைக்கு இணங்குதல் என்பது அதன் பொருள்.

1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த ஹென்றி பவரின் மொழிபெயர்ப்பு வழிவந்த பழைய திருப்புதல், இம்மூன்று இடங்களிலும் 'கீழ்ப்படி' என்னும் ஒரே வினையைக் கையாள்கிறது. எபேசியர் 5:21இல் ஒருவருக்கொருவர் பணிந்திருக்குமாறு சொல்லப்படும் இடத்திலும் அதே சொல் வருகிறது. ஒருவர் மற்றவரின் ஆணைக்கு இணங்க, அவரும் இவரின் ஆணைக்கு இணங்குதல் நடைமுறையில் பொருந்தாது என்பதை நோக்கினால், அங்குக் கருதப்படுவது ஆணையை நிறைவேற்றல் அன்று என்பது புலனாகும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இவ்வேறுபாட்டைப் பேணுகிறது. ரோமர் 13:1, 1 பேதுரு 2:13, எபேசியர் 5:21 ஆகியவற்றில் 'பணிந்திருத்தல்' எனவும், எபேசியர் 6:1, அப்போஸ்தலர் 5:29 ஆகியவற்றில் 'கீழ்ப்படிதல்' எனவும் அது தருகிறது.

பழைய திருப்புதலை மட்டும் வாசிக்கும் தமிழ்க் கிறித்தவருக்கு ரோமர் 13:1உம் அப்போஸ்தலர் 5:29உம் நேருக்கு நேர் மோதுவதாகத் தோன்றலாம். ஒன்று கீழ்ப்படியச் சொல்கிறது. மற்றொன்று கீழ்ப்படிய மறுக்கிறது. பொது மொழிபெயர்ப்பின் வாசகருக்கோ கீழ்ப்படிய மறுத்த நிலையிலும் பணிந்திருக்க இயலும் என்னும் பொருள் திறக்கிறது. ஆணையை நிறைவேற்றாமல், அதற்குரிய தண்டனையிலிருந்து வன்முறையால் தப்ப முயலாமல் ஏற்று நிற்பதே அந்நிலை.

எனினும் இவ்வேறுபாட்டை மிகைப்படுத்தல் ஆகாது. தீத்து 3:1 ஆட்சியாளரைக் குறித்துப் பணிதல், ஆணைக்கு இணங்குதல் ஆகிய இரு வினைகளையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. 1 பேதுரு 3:5–6இலும் பணிதலுக்கு எடுத்துக்காட்டாகக் கீழ்ப்படிதலே காட்டப்படுகிறது. இயல்பான காலத்தில் பணிதல் கீழ்ப்படிதலின் வடிவிலேயே வெளிப்படும். மனச்சான்றோடு ஆணை மோதும்போதுதான் இரண்டும் பிரிகின்றன என்பதே இவ்விடங்கள் தரும் வரையறை.

பழைய திருப்புதலின் 'கனம்பண்ணு' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. தமிழில் கனம் என்பது எடையையும் குறிக்கும். எபிரேயத்தில் மதிப்பைக் குறிக்கும் முதன்மைச் சொல்லின் வேரும் எடையையே குறிக்கிறது. ஒருவருக்குரிய எடையை உள்ளவாறு ஏற்பதே கனம்பண்ணுதல் எனக் கொண்டால், எடையைக் கூட்டிச் சொல்லும் புகழ்ச்சியும் குறைத்துச் சொல்லும் இகழ்ச்சியும் அதற்குப் புறம்பானவை ஆகின்றன.

மறுப்பின் விவிலிய முன்மாதிரிகள்

மதிப்பும் மறுப்பும் இணைந்த நடத்தைக்கு விவிலியம் தரும் காட்சிகளுள் மூன்று இங்குக் கருதப்படுகின்றன.

முதலாவது, 1 சாமுவேல் 24. தன்னைக் கொல்லத் தேடும் சவுல் குகையில் தனித்திருக்கும்போது தாவீது அவர் மேலாடையின் ஓரத்தை மட்டும் அறுக்கிறார். அதற்காகவும் மனம் வருந்துகிறார். பின்பு தொலைவில் நின்று, தரையில் விழுந்து வணங்கி, அரசர் என்றே விளித்து, அவர் இழைக்கும் அநீதியை ஆடைத் துண்டைச் சான்றாகக் காட்டி எடுத்துரைக்கிறார். நீதியைக் கடவுளிடம் ஒப்புவிக்கிறார். ஆனால் சவுலோடு அரண்மனைக்குத் திரும்பவில்லை. மதித்தல் என்பது நம்பித் தன்னை ஒப்படைத்தலாக அங்கு ஆகவில்லை.

இரண்டாவது, தானியேல் 6. அரசரைத் தவிர வேறெவரிடமும் வேண்டுதல் செய்யலாகாது என்னும் ஆணையைத் தானியேல் மீறுகிறார்; சிங்கக் குகைக்குள் போடப்படுகிறார். காலையில் குகையின் வாயிலிலிருந்து அரசர் அழைக்கும்போது, அவர் நீடு வாழ்க என்னும் வழக்கமான வாழ்த்தோடு விடையிறுத்து, அரசருக்கு எதிராகவும் தான் குற்றம் செய்யவில்லை என்கிறார். ஆணையை மீறியவர் அரசருக்குத் தீங்கிழைக்கவில்லை என்று சொல்வதில்தான் இக்காட்சியின் கருத்து அடங்கியுள்ளது.

மூன்றாவது, அப்போஸ்தலர் 23. விசாரணையின்போது பவுலின் வாயில் அடிக்குமாறு தலைமைக் குரு அனனியா ஆணையிடுகிறார். வெள்ளையடித்த சுவர் எனப் பவுல் அவரைச் சாடுகிறார். அவர் தலைமைக் குரு என்று சுட்டிக்காட்டப்பட்டதும், மக்களின் தலைவரைப் பழிக்கலாகாது என்னும் யாத்திராகமம் 22:28ஐ நினைவுகூர்கிறார். பவுலின் விடையில் எள்ளல் உள்ளதாகக் கருதுவோரும் உளர். நேரடியாகக் கொண்டால், வசைச்சொல் தவறு என ஏற்கும் அவர், சட்டத்தின்படி விசாரிக்க அமர்ந்தவர் சட்டத்துக்கு மாறாக அடிக்கச் சொன்னார் என்னும் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறவில்லை என்பது கவனத்துக்குரியது.

இவற்றுக்கு எதிரான ஒரு சான்றையும் கருத வேண்டும். லூக்கா 13:32இல் இயேசு ஏரோது அந்திப்பாவை நரி எனக் குறிப்பிடுகிறார். கடுமொழி அனைத்தும் அவமதிப்பு என்னும் எளிய விதியை இச்சான்று தகர்த்துவிடுகிறது. அரசரின் நடத்தையை அம்பலப்படுத்தும் இறைவாக்கினர் மரபில் கடுமைக்கு இடமுண்டு. ஆகவே மதிப்பின் எல்லையைச் சொற்பட்டியலால் வரையறுக்க முடியாது. சொல்லப்படுவது உண்மையா, அது செயலைச் சுட்டுகிறதா அல்லது மனிதரை அழிக்க முனைகிறதா என்பனவே அளவுகோல்கள் ஆகின்றன.

தொடக்கத் திருச்சபையின் நடைமுறை

பேதுருவின் மடல் செய்த பிரிவு வெறும் சொற்பிரிவாக நின்றுவிடவில்லை. 180ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் ஆளுநர் சதுர்னீனுவின் முன் நிறுத்தப்பட்ட சில்லி ஊர்க் கிறித்தவர்களின் விசாரணைக் குறிப்பு இலத்தீனில் கிடைக்கிறது. அவர்களுள் தொனாத்தா என்னும் பெண், சீசருக்குச் சீசர் என்ற அளவில் மதிப்பு உரியது, அச்சமோ கடவுளுக்கே உரியது என்னும் பொருள்பட விடையளித்ததாக அக்குறிப்பு சொல்கிறது. 1 பேதுரு 2:17இன் பிற்பாதியை நீதிமன்ற விடையாக்கிய கூற்று அது. ஆசிய மாகாணத்துச் சிமிர்னா நகர ஆயரான பொலிக்கார்ப்பு, இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொல்லப்படுமுன், தமக்குத் தீங்கு பயவாத வகையில் ஆட்சியாளரை மதிக்கத் தாம் கற்பிக்கப்பட்டிருப்பதாக ஆளுநரிடம் கூறினார் என அவரது மறைச்சாட்சி வரலாறு குறிக்கிறது.

ஏறத்தாழ 197இல் தெர்த்துல்லியன் எழுதிய தற்காப்பு நூல் இந்நிலைப்பாட்டுக்கு வாதவடிவம் தந்தது. கிறித்தவர் பேரரசரின் நலனுக்காக வேண்டுகின்றனர். ஆனால் அவரைக் கடவுள் என அழைப்பதில்லை. மனிதராக இல்லாதவர் பேரரசராகவும் இருக்க முடியாது. ஆதலால் அவரை மனிதர் என்று சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது அவரது வாதம். மரியாதை என்னும் தமிழ் வழக்குச் சொல்லின் வடமொழி மூலம் எல்லை என்னும் பொருளுடையது என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம்.

முழு வசனமும் பாதி வசனமும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வசனம் மீண்டும் அரசியல் களத்துக்கு வந்தது. 1934 மே இறுதியில் செருமனியின் பார்மென் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம், கார்ல் பார்த்து பெரும்பங்காற்றி வரைந்த அறிக்கையை ஏற்றது. நாசி ஆட்சிக்கு இணங்கிய 'செருமானியக் கிறித்தவர்' இயக்கத்தை மறுத்த அவ்வறிக்கையில் ஆறு கூற்றுகள் உள்ளன. ஐந்தாவது கூற்று 1 பேதுரு 2:17ஐத் தலைப்பில் கொண்டு, நீதியையும் அமைதியையும் பேணுவது அரசின் பணி என ஏற்கிறது. மனித வாழ்வு முழுமைக்கும் ஒரே ஒழுங்காகத் தன்னை ஆக்கிக்கொள்ள அரசு முற்படுவதை மறுக்கிறது. மதிப்பும் மறுப்பும் ஒரே கூற்றில் இணைந்த அரிய ஆவணம் அது.

ஆனால் அக்கூற்று வசனத்தின் பிற்பாதியை மட்டுமே எடுத்தாள்கிறது. கடவுளுக்கு அச்சம், அரசருக்கு மதிப்பு ஆகியவை இடம்பெறுகின்றன; எல்லாருக்கும் மதிப்பு என்னும் முதற்கட்டளை இடம்பெறவில்லை. அறிக்கை முழுவதிலும் யூதர்கள் குறிப்பிடப்படவில்லை. 1933 ஏப்ரலிலேயே யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்துவிட்டிருந்தது. மேற்கோளின் சுருக்கமே இம்மௌனத்துக்குக் காரணம் எனக் கூறுவது பொருந்தாது. வரலாற்றுக் காரணங்கள் பல. எனினும் விடுபட்ட கட்டளையும் விடுபட்ட மக்களும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன. அரசின் எல்லையைத் திருச்சபையின் உரிமை தொடும் இடத்தில் மட்டும் வரைந்தால், திருச்சபைக்கு வெளியே அவமதிக்கப்படுவோர் அவ்வரையறைக்குள் வருவதில்லை.

இதன் மறுபக்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் காணலாம். 1985இல் அங்கு வெளிவந்த கைரோஸ் ஆவணம், இனஒதுக்கல் ஆட்சிக்குத் தெய்வீக ஒப்புதல் தேட ரோமர் 13 பயன்படுத்தப்பட்டதை 'அரசு இறையியல்' எனப் பெயரிட்டு மறுத்தது. ஆட்சியாளருக்குரிய மதிப்பைச் சொல்லும் பகுதி, அவ்வாட்சியால் மதிப்பு மறுக்கப்பட்ட பெரும்பான்மை மக்களின் வாயை அடைக்கும் கருவியாக்கப்பட்டதே அதன் முறையீடு. பேதுருவின் நான்கு கட்டளைகளையும் சேர்த்து வாசித்தால் அத்தகைய பயன்பாட்டுக்கு இடமில்லை. எல்லாரையும் மதித்தல் என்னும் வட்டத்துக்குள்தான் அரசரை மதித்தல் நிற்கிறது.

இந்திய நீதிமன்றத்தில் ஒரு வழக்கு

மதித்தலும் இணங்குதலும் வேறு என்னும் கருத்து சமய எல்லைக்கு வெளியேயும் ஏற்கப்பட்டுள்ளது. 1985இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தேசிய கீதம் இசைக்கப்படும்போது எழுந்து நின்றபோதிலும் பாடாமையால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். கேரள உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்நீக்கத்தைச் செல்லாது என்றது. மரியாதையுடன் எழுந்து நிற்பவர் பாடாதிருப்பதனாலேயே அவமதித்தவர் ஆகார் என்பதும், பாடுமாறு கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவுமில்லை என்பதும் தீர்ப்பின் சாரம். அரசமைப்பின் 19(1)(அ), 25(1) ஆகிய பிரிவுகள் அதற்கு அடிப்படையாயின.

இவ்வழக்கு நாட்டின் அடையாளத்தைப் பற்றியது. ஆட்சியாளர் ஒருவரைப் பற்றியதன்று. அக்குழந்தைகளின் இறையியலை ஏனைய திருச்சபைகள் ஏற்பதுமில்லை. ஆயினும் எழுந்து நிற்றலும் பாடாதிருத்தலும் ஒருங்கே அமைந்த அச்செயல், இரண்டாம் நூற்றாண்டு விசாரணைகளில் வெளிப்பட்ட அதே வேறுபாட்டைச் சட்டத்தின் மொழியில் நிலைநாட்டியது. கார்த்தேஜில் அவ்வேறுபாட்டை ஆளுநர் ஏற்கவில்லை. இந்தியக் குடியரசில் நீதிமன்றம் ஏற்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. 1 பேதுரு 2:17 ஆட்சியாளருக்கு அளிக்கும் மதிப்பு, அவரது தகுதியையோ கொள்கையையோ சார்ந்ததன்று. அவர் மனிதர் என்பதையும் ஒரு பொறுப்பை வகிப்பவர் என்பதையும் சார்ந்தது. ஆகவே உடன்பாடின்மை அம்மதிப்பை நீக்குவதில்லை. மதிப்பும் உடன்பாட்டைக் கோருவதில்லை. அச்சம் கடவுளுக்கு ஒதுக்கப்பட்டமையால், மனச்சான்றுக்கு மாறான ஆணையை மறுக்கும் உரிமை அவ்வசனத்துக்குள்ளேயே இருக்கிறது. பணிதலையும் கீழ்ப்படிதலையும் வேறுபடுத்தும் தமிழாக்கம் இவ்வுரிமையை வாசகருக்குப் புலப்படுத்துகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் தரும் தமிழாக்கத்தை வாசிப்போருக்கு அது விளக்கத்தின் வழியாகவே கிட்டும்.

மக்களாட்சியில் குடிமக்களே ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் உரிமை பெற்றுள்ளனர். முதல் நூற்றாண்டு வாசகருக்கு இல்லாத உரிமை இது. எதிர்த்து வாக்களித்தலும், கண்டனம் எழுதுதலும், வழக்குத் தொடுத்தலும் இன்றைய ஏற்பாட்டில் ஒழுங்குக்கு உட்பட்ட செயல்களே; அவற்றை அவமதிப்பு எனக் கொள்வதற்கு மடலில் இடமில்லை. ஒரு தலைவரை மதிக்குமாறு திருச்சபை தன் மக்களுக்குச் சொல்லும்போது, அத்தலைவரின் ஆட்சியில் மதிப்பிழந்து நிற்போர் யாவர் என்பதையும் அதே மூச்சில் கேட்க அவ்வசனம் அதனைக் கடமைப்படுத்துகிறது.